ராத்திரி ஒரு மணி நேரம் ரயில் வீடியோ பார்ப்பது தப்பித்து ஓடுவதா?

கேள்வி: ரயில்பிரியன், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 37. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: பையர் கேட்ட துணி, நிறம், அளவு, தேதி எதுவும் பிசகாமல் நிட்டிங்கில் தொடங்கி அட்டைப்பெட்டி ஒட்டுகிற வரைக்கும் எல்லார் பின்னாலும் அலைகிற வேலை. சாயப்பட்டறையில் ஒரு ஷேடு மாறினாலும் திட்டு எனக்கு. துறைமுகத்தில் லாரி நின்றாலும் திட்டு எனக்கு.

எங்கள் ஆர்டரில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போவது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அங்கே இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினார்கள் இல்லையா, அந்த வாரமே பையரிடமிருந்து இரண்டு வரி மெயில். சரக்கை அனுப்ப வேண்டாம், மறுபடி சொல்கிறோம் என்று. செக்கிங் முடிந்து, அயர்ன் போட்டு, பாலிதீன் பையில் மடித்த சின்னப் பிள்ளைகளின் பைஜாமா பெட்டி பெட்டியாகக் குடோனில் கிடந்தது. மஞ்சள் துணியில் வாத்து படம். அந்த வாத்துக்கு மூன்று முறை சாம்பிள் போட்டு, மூக்கின் ஆரஞ்சு நிறத்துக்காக நான் பிரிண்டிங் யூனிட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது தொடங்கியதுதான் இந்தப் பழக்கம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ரயில் எஞ்சினுக்குள்ளிருந்து முன் கண்ணாடி வழியாக எடுத்த வீடியோ பார்ப்பேன். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஈரோட்டிலிருந்து பாலக்காடு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது கொங்கண் பாதை. ரத்னகிரிக்கு வடக்கே கார்புடே என்று ஒரு சுரங்கம், ஆறரை கிலோமீட்டர். உள்ளே போனதும் திரை முழுக்கக் கறுப்பு. எஞ்சின் விளக்கு பட்டு பக்கச்சுவர் மட்டும் ஈரமாகப் பளபளக்கும். ரொம்ப நேரம் கழித்துத் தூரத்தில் கடுகளவுக்கு ஒரு வெளிச்சம். அது கடுகிலிருந்து பட்டாணியாகி, எலுமிச்சம்பழமாகி, படாரென்று பச்சை. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு மெயில் ஞாபகம் வருவதில்லை. அதற்காக அந்த இடத்தை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். "நீங்க ரயில் பாக்கலீங்க. ஓடி ஒளியறீங்க."

அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ஆபீசில் ஒரு பையனிடம் சொன்னேன். "எஸ்கேபிசம்ணா அது" என்றான், சளி பிடித்திருக்கிறது என்று சொல்வது போல. எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். எஸ்கேபிசம் என்றால் என்ன? குடிக்கவில்லை, ஊர் சுற்றவில்லை, காசு செலவில்லை. ஒரு மணி நேரம் ரயில் பார்ப்பது அதில் சேருமா? சேர்ந்தால்தான் என்ன?

பதில் 1: காந்திபுரத்தான்

தலைவரே, கோயமுத்தூர்ப் பக்கம் வந்து தப்பிப்பது தப்பா என்று கேட்கலாமா? 1819-ல் எங்கள் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். அப்புறம் வருஷா வருஷம் வெயிலுக்குப் பயந்து மெட்ராஸ் சர்க்காரே ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கு ஓடியது. அதற்குப் பேர் கோடைகாலத் தலைநகரம். நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் அதற்குப் பேர் எஸ்கேபிசம். எல்லாம் ஆளைப் பொறுத்தது.

இன்னொன்று. சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். மில் சங்கு ஊதுகிற ஊரில் நிரந்தரக் கொட்டகை. சும்மாவா கட்டினார்?

எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, மில்லில் ஸ்பின்னிங் பார்த்தவர். ஷிப்டு முடிந்து, மூக்கிலும் புருவத்திலும் பஞ்சோடு நேராக இரண்டாம் ஆட்டத்துக்குப் போவாராம். விளக்கை அணைத்துப் பத்து நிமிடத்தில் தூக்கம். எந்தப் படத்துக்கும் கதை சொல்லத் தெரியாது. அம்மாயி திட்டினால், "அங்கதான் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்புடறதில்லை" என்பாராம். அதற்குத்தான் டிக்கெட் காசு. நீங்கள் பாருங்கள் தலைவரே, சுரங்கத்தை நன்றாகப் பாருங்கள்.

பதில் 2: ஈரோடு டீச்சர்

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். வகுப்பு எடுக்காமல் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். முடிகிறதா என்று தெரியவில்லை.

புத்தகத் தமிழில் இதற்குத் தப்பித்தல்வாதம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, ஏதோ கட்சி ஆரம்பித்த மாதிரி இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே "பராக்கு" இருக்கிறது. குழந்தைக்குப் பராக்குக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறோம். நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, அது வாயைப் பிளக்கிற நேரத்தில் ஒரு வாய். பராக்கு இல்லையென்றால் சோறு இறங்காது. அதே பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பராக்குப் பார்த்தால் மொட்டென்று தலையில் ஒரு கொட்டு. ஒரே சொல்தான், இரண்டு மரியாதை.

ஆங்கிலத்தில் எஸ்கேப் என்கிற சொல்லின் வேர் வேடிக்கையானது. லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே, காப்பா என்றால் மேலங்கி. துரத்துகிறவன் அங்கியைப் பிடித்துவிட்டான் என்றால், அங்கியை அவன் கையிலேயே விட்டுவிட்டு உடம்போடு ஓடிவிடுவது. அதுதான் எஸ்கேப்.

இதைக் கெட்ட வார்த்தையாக வைத்திருப்பவர்களுக்கு 1939-லேயே, லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதை எழுதிய டோல்கீன் ஓர் உரையில் பதில் சொல்லியிருக்கிறார்: சிறையில் இருப்பவன் தப்பிக்க நினைப்பதையும், சிப்பாய் களத்தைப் போட்டுவிட்டு ஓடுவதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று. உங்கள் மனைவி கேட்பதும் இதில் நீங்கள் யார் என்றுதான்.

நார்வேயில் ஃப்ரோடே ஸ்டென்செங் என்கிற உளவியலாளர் இதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, மனசில் அரிக்கிற எதையோ அமுக்கி வைப்பதற்காக ஒன்றில் போய் முங்குவது. இன்னொன்று, நல்லதாக ஏதோ கிடைக்கிறது, நாம் கொஞ்சம் விரிகிறோம் என்பதற்காக முங்குவது. 2023-ல் பொழுதுபோக்காக ஓடுகிற 227 பேரை வைத்து அவரும் கூட இருப்பவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமுக்குவதற்காக ஓடுகிறவர்களிடம் ஓட்டத்துக்கு அடிமையாகிற போக்கு கூடுதலாகவும் மனநிறைவு குறைவாகவும் இருந்தது. இரண்டு கூட்டமும் செய்வது ஒரே வேலை, காலை எடுத்து வைத்து ஓடுவது. அதனால் "ரயில் வீடியோ அதில் சேருமா" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. போனை அணைத்துவிட்டு மாடிப்படி இறங்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? கொஞ்சம் லேசாகவா, இல்லை கீழே போகவே கால் வரவில்லையா? அதைச் சொல்லுங்கள்.

(சுருக்கமாக முடியவில்லை, பார்த்தீர்களா.)

பதில் 3: எட்டுத்தறி

டீச்சரம்மா அந்த மேலங்கிக் கதையைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததில், என்னாச்சு என்று வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏன் சிரித்தேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தம்பி, எனக்கு 61. சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்குக் காடா, அதாவது சாயம் போடாத துணி, நெய்கிறேன். பாவும் ஊடை நூலும் அவர்கள் கொடுப்பார்கள், மீட்டருக்கு இவ்வளவு என்று நமக்குக் கூலி. தறிக்குடோனுக்குள் யாரும் பேச முடியாது. பேசினால் வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாடாவில் தார், அதாவது ஊடை நூல் சுற்றின குச்சி, தீர்ந்தால் மாற்றணும், பாவு அறுந்தால் பிணைக்கணும், கை தானாகச் செய்துவிடும். நாற்பது வருஷப் பழக்கம். அதனால் மனசுக்கு அங்கே வேலையே இல்லை. அது பாட்டுக்கு எங்கேயோ போய்விடும். நான் அந்தக் குடோனுக்குள் நின்றுகொண்டே கொல்லிமலை போயிருக்கிறேன், செத்துப்போன எங்கம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன், எலெக்‌ஷனில் நின்று ஜெயித்திருக்கிறேன். ஆனால் ஒரு தறி நின்றால் போதும். எட்டுச் சத்தத்தில் ஒரு சத்தம் குறைந்தது என்று காது சொல்லிவிடும். எங்கே இருந்தாலும் அந்த நொடியே திரும்பி வந்துவிடுவேன். இதைத் தப்பித்தல் என்று சொன்னால் தறிக்காரன் எல்லாருமே தப்பித்தவன்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். கோடையில் எங்கள் ஊரில் உடுக்கடிப்பாட்டு நடக்கும். அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர். பொழுது விழுந்து சோறு தின்றுவிட்டு ஆளுக்கொரு சாக்கோடு போய் உட்காருவோம். பாட்டுக்காரர் உடுக்கையை ஒரு இழுப்பு இழுத்தாரென்றால் நாய்கூடக் குரைக்காது. ஒரே ராத்திரியில் முடிகிற கதை இல்லை. பிரெண்டா பெக் என்று ஒரு மானுடவியல் அம்மா 1965-ல் காங்கயம் பக்கம் வந்து தங்கி இந்தக் கதையை டேப்பில் பிடித்தார்களே, 18 ராத்திரி ஓடியது. அத்தனை ராத்திரியும் குடியானவன், மாதாரி, நாவிதன், வண்ணான் எல்லாரும் காட்டு வேலையை முடித்து வந்தவர்கள். கிணறு வற்றின வருஷம். வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வருஷம். அதை எல்லாம் விட்டுவிட்டு கதையில் வருகிற வளநாட்டுக்குப் போய்ப் பொன்னரோடும் சங்கரோடும் சுற்றினார்கள்.

கடைசியில் படுகளம். அண்ணன்மார் இரண்டு பேரும் சாய்கிற கட்டம். அந்தப் பாட்டு வரும்போது கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்திலேயே ஆட்கள் அருள் வந்து விழுவார்கள். எங்கள் பெரியப்பா விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆறடி ஆள், அடியோடு வெட்டின வாழை மாதிரி. வரிசையாகக் கிடத்தி மேலே வெள்ளைத் துணி போர்த்தினார்கள். எனக்குப் பயத்தில் டவுசர் நனைந்துவிட்டது, எழுதினால் என்ன, இப்போது யார் பார்க்கப் போகிறார்கள். அண்ணன்மாரின் தங்கை தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்புகிற பாட்டு தொடங்கியதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெரியப்பா எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டுபிடித்து, "ஏண்டா அழுகறே, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றார்.

அந்த முதல் வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. செத்து எழுந்த மனுஷன் மாட்டைக் கேட்டார்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் தறியெல்லாம் நிறுத்தினோம். ஒரு மாசத்துக்கு மேலே ஓடவில்லை. காலையில் எழுந்தால் ஊரே அமைதி. வெளியூர்க்காரர்கள் அமைதியைத் தேடி மலைக்குப் போகிறார்களாம், எனக்கு அந்த அமைதி காதுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது. கரண்டு பில், குழு லோன், தறியை ஓட்டுகிற பையனுக்கு முன்பணம், எல்லாம் அந்த அமைதியில்தான் கணக்காக வந்து நிற்கும். ஒரு நாள் ஒருத்தன் கூப்பிட்டான் என்று பல்லடம் ரோட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்துச் சாளையில் சீட்டாடப் போனேன். பத்து நாள் போனேன். வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? சங்கக் கூட்டம் என்று. ஸ்ட்ரைக் நேரம் பாருங்கள், யாரும் சந்தேகப்பட முடியாத பொய். வீட்டுக்காரி பாவம், கூட்டத்தில் பசிக்குமே என்று கடலை உருண்டை பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவாள். அதையும் சீட்டு மேலேயே வைத்துத் தின்போம்.

பதினோராம் நாள் சாளைப் பக்கம் போலீஸ் ஜீப்பு வருகிறது என்று ஒரு சத்தம். வரவே இல்லை, எவனோ பால் வண்டியைப் பார்த்து மிரண்டிருக்கிறான். நான் வேலியைத் தாண்டி ஓடி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில், நான் பொடக்காலியில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறபோது ஒரு பையன் வாசலில் நின்று, "அக்கா, மாமா சீட்டாடற எடத்துல துண்டை விட்டுட்டு வந்துட்டாருங்க" என்று நீட்டுகிறான். பச்சைக் கரை போட்ட ஈரோட்டுத் துண்டு. வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்திருந்தது.

டீச்சரம்மா, லத்தீன்காரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்காரி சண்டை போடவில்லை. துண்டை வாங்கித் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, "கடலை உருண்டை தீந்துபோச்சு, இன்னைக்குக் கூட்டத்துக்கு என்ன தர்றது?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அதனால் தம்பி, எனக்குத் தெரிந்த அடையாளம் இது ஒன்றுதான். பெரியப்பா கதை கேட்கப் போகும்போது கதை கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லிவிட்டுப் போனேன். நீங்கள் மாடிக்குப் போகும்போது வீட்டில் என்ன சொல்லாமல் போகிறீர்கள்? ரயிலைச் சொல்லவில்லை. வேறு ஏதாவது சொல்லாமல் இருக்கிறீர்களா?

பதில் 4: பச்சைமலை அடிவாரம்

நான் கோபிச்செட்டிபாளையம். வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறேன். எட்டுத்தறி அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொய் அளவுகோல் ஆம்பளைகளுக்கு மட்டும் பொருந்துகிற சட்டை அண்ணா. எங்களுக்கு அளவு எடுத்துப் பார்த்தீர்களா?

நான் 42 வயசில் வள்ளிக்கும்மி கற்றுக்கொள்ளப் போனேன். ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது, கோயில் திடலில். முதல் மூன்று வாரம் வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனேன் தெரியுமா? நானும் கூட்டம் என்றுதான் சொன்னேன், மகளிர் குழுக் கூட்டம். ஆடப் போகிறேன் என்றால், "இந்த வயசுல என்ன ஆட்டம்" என்று மாமியார் ஒரு பக்கம், "ராத்திரி சோறு?" என்று வீட்டுக்காரர் ஒரு பக்கம். முருகன் வள்ளி கதையைப் பாடிக் கும்மி அடிக்கப் போகிறவள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டாடப் போனவரும் பொய், நானும் பொய். இரண்டும் ஒன்றா?

முதல் நாள் எனக்கு அடவே வரவில்லை. எல்லாரும் வலது பக்கம் திரும்பினால் நான் இடது பக்கம். வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டு, "அம்மணி, தையல் மிசின் மிதிக்காதீங்க, காலைத் தூக்கி வைங்க" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தபடியே வீடு வந்தேன். அரங்கேற்றத்துக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி சேலை, ரவிக்கை. அத்தனை ரவிக்கையும் நான்தான் தைத்தேன். காசு வாங்கிக்கொண்டுதான்.

அப்புறம் கேள்வி கேட்ட தம்பிக்கு. நீங்கள் சாப்பிட்டதும் மாடிக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்ட தட்டு எங்கே போகிறது? அந்த ஒரு மணி நேரத்தில் பாத்திரம் கழுவி, அடுப்பு துடைத்து, பிள்ளை இருந்தால் அதைத் தூங்க வைத்து, நாளைக்கு மாவு இருக்கிறதா என்று பார்ப்பது யார்? உங்கள் ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது உங்கள் மனைவி. எனக்கு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வேண்டும் என்றால் ஐந்து மணிக்கே குழம்பு வைத்து, ஆறு மணிக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். நான் தப்பிக்கிற அன்றைக்கு எனக்கு வேலை இரட்டிப்பு.

அவள் ரயிலைக் குறை சொல்லவில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஒரு நாள் நீங்கள் கழுவுங்கள். அவள் மாடிக்குப் போகட்டும். என்ன பார்க்கிறாள் என்று கேட்காதீர்கள்.

பதில் 5: எட்டுத்தறி

அம்மணி, நீங்கள் சொல்வது சரி. என் சட்டை கிழிந்துவிட்டது. கேட்டு வாங்க வேண்டியவர்கள் சொல்கிற பொய் வேறு, கேட்கவே வேண்டாதவன் சொல்கிற பொய் வேறு. இத்தனை வயசுக்கு இது உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் செவ்வாய்க்கிழமை தோறும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கேட்க மாட்டேன்.

பதில் 6: ரயில்பிரியன்

எல்லாருக்கும் நன்றிங்க. நான்கு நாளாகப் பதில் எழுதவில்லை, காரணம் இருக்கிறது.

டீச்சர் கேட்டதற்கு முதலில்: மாடிப்படி இறங்கக் கால் வருவதில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து இன்னொரு பத்து நிமிடம் பார்ப்பேன். கறுப்பு சுரங்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

எட்டுத்தறி அய்யா கேட்டதற்கு: ஆமாங்க, ஒன்று சொல்லாமல் இருந்தேன். அக்டோபரிலிருந்து எனக்குப் பாதிச் சம்பளம். முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பேங்குக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் முழுச் சம்பளம் வந்த மாதிரியே கொடுத்துவந்தேன். மிச்சத்துக்குக் கிரெடிட் கார்டு. ஏலச்சீட்டு இரண்டு மாசம் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கோபி அக்கா சொன்னபடி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அவள் சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். என்ன விசேஷம் என்று கேட்டாள். திரும்பாமலே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, கையில் சோப்பு நுரை இருந்தது ஒரு வசதி.

அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. சீட்டு பிடிக்கிற அக்கா எனக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் செய்திருக்கிறார். அந்த இரண்டு தவணையையும் அவள் கட்டிவிட்டாள். எதை வைத்துக் கட்டினாள் என்று கேட்டதற்கு, "அதைக் கேக்காதீங்க" என்றாள். காதைப் பார்த்தேன். தோடு இருந்தது. வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்புறம் திட்டினாள். நன்றாகத் திட்டினாள், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். வாத்து பைஜாமாவையும் விடவில்லை. அதில் இரண்டு பிள்ளைக்கு ஆகுமென்று கொண்டுவந்திருக்கலாம், எல்லாம் சும்மா கிடக்கிறது என்றாள். சரி என்றேன்.

நேற்றைக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "கொசு" என்று மட்டும் சொன்னாள்.

என் கொங்கண் வீடியோ சுரங்கத்துக்கு முன்னால் இருக்கிற சிக்னலில் நிற்கிறது. இந்த வாரம் தொடவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லைங்க.

பதில் 7: எட்டுத்தறி

தம்பி, எப்போது அந்தச் சுரங்கம் தாண்டுகிறதோ, அப்போது எனக்கும் அந்த லிங்க்கை அனுப்புங்கள். குடோனில் தார் மாற்றுகிற நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். சத்தம் கேட்காது, படம் போதும்.